படுக்கை வைத்த வானில் நெடும்பயணம்: வீதி உதவிக் காப்பை எதைப் பார்த்து எடுப்பது?

கொக்குவிலூரான் எழுதியது:

வணக்கம். எங்கள் பழைய ஹையேஸ் வானின் பின் ஆசனங்களைக் கழற்றிவிட்டு, மரப் படுக்கையும் 60 லீற்றர் தண்ணீர்த் தாங்கியும் சிறிய எரிவாயு அடுப்பும் கூரையில் ஒரு சூரியத் தகடும் பொருத்தி, குடும்பமாக உள்ளேயே தங்கிப் பயணம் செய்யக்கூடியதாக மாற்றியிருக்கிறோம். நல்லூர்த் திருவிழா முடிந்ததும் நானும் மனைவியும் 79 வயதான அம்மாவும் புறப்பட்டு, சங்குப்பிட்டிப் பாலத்தைக் கடந்து பூநகரி வழியாகத் திருக்கேதீச்சரம், பிறகு மதவாச்சி, தம்புள்ளை, கண்டி, நுவரெலியா, எல்ல என்று கதிர்காமம் வரை போய்வர எண்ணியிருக்கிறோம்.

வழியில் வாகனம் நின்றுவிட்டால் யாரை நம்புவது என்பதுதான் என் கேள்வி. முழுக் காப்புறுதியோடு வீதி உதவியும் உண்டு என்று முகவர் சொல்கிறார். ஆனால் பத்திரத்தில் அதைப் பற்றி ஒரு வரிதான் இருக்கிறது. 1904ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட சிலோன் ஒட்டோமொபைல் சங்கத்தில் உறுப்பினராகச் சேரலாம் என்கிறார் ஒரு நண்பர். இரண்டும் வேண்டாம், ஊருக்கு ஊர் தெரிந்த கராஜ்காரரின் தொலைபேசி இலக்கம் போதும் என்கிறார் தம்பி. கடந்த தை மாதம் மாங்குளத்துக்கும் புளியங்குளத்துக்கும் இடையில் இரவு எட்டு மணிக்கு ஓல்டனேற்றர் பழுதாகி, நான்கு மணி நேரம் அம்மாவோடு காட்டு வீதியில் காத்திருந்தோம். தொலைபேசியை எடுத்தவருக்குத் தமிழ் தெரியவில்லை. நாங்கள் நிற்கும் இடத்தை விளங்கப்படுத்தவே அரைமணி நேரம் போயிற்று. அதே நிலை மீண்டும் வரக்கூடாது.

சுன்னாகத்தார் (ஓய்வுபெற்ற காப்புறுதி ஊழியர்) எழுதியது:

ஐயா, வீதி உதவியைப் பற்றிக் கேட்பதற்கு முன்னர், வானில் நீங்கள் செய்த மாற்றங்களைக் காப்புறுதி நிறுவனத்துக்கு எழுத்தில் அறிவித்துவிட்டீர்களா என்பதைச் சொல்லுங்கள். பதிவுச் சான்றிதழில் ஒரு வகையான வாகனமாகவும் வீதியில் வேறொரு வகையான வாகனமாகவும் நிற்கும் ஒன்றுக்கு, எந்தக் காப்பும் சிக்கலான நேரத்தில் கைகொடுப்பது கடினம். ஆசனங்களை அகற்றியதற்கும் கூரையில் தகடு ஏற்றியதற்கும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் அனுமதி தேவையா என்று கேட்டு, அந்தப் பதிலையும் கோவையில் வையுங்கள். எரிவாயு அடுப்பை மறைக்க வேண்டாம். தீப்பற்றினால் முதலில் விசாரிக்கப்படுவது அதுதான்.

அடுத்து, அந்த ஒரு வரியை விரித்துக் கேளுங்கள். என் பணிக்காலத்தில் மிகுதியான மனக்கசப்பை உண்டாக்கியது, விபத்துக்குப் பின்னரான இழுவையையும் சாதாரணப் பழுதுக்கான இழுவையையும் வாடிக்கையாளர்கள் ஒன்றாக நினைத்ததே ஆகும். விபத்து என்றால் வாகனத்தை எடுத்துச் செல்லும் செலவு இழப்பீட்டோடு சேர்ந்து வரும். ஆனால் கிளச் தட்டு எரிந்து நின்றால், பத்திரத்தில் பழுது உதவி என்று தனியாக எழுதப்பட்டிருந்தால் மட்டுமே வரும். இலவசத் தூரம் எத்தனை கிலோமீற்றர், அது எந்த இடத்திலிருந்து அளக்கப்படுகிறது, ஆண்டுக்கு எத்தனை தடவை, பழுதான வாகனத்தை ஏற்றிச் செல்லும் கரியரை நிறுவனமே அனுப்புமா அல்லது நீங்கள் பணத்தைக் கொடுத்துவிட்டுப் பற்றுச்சீட்டைக் காட்டிப் பெறவேண்டுமா என்பவற்றை மின்னஞ்சலில் கேட்டு, மின்னஞ்சலிலேயே பதிலை வாங்குங்கள். முகவர் நல்லவராக இருக்கலாம். ஆனால் இரவு பதினொரு மணிக்கு அவருடைய வாய்ச்சொல்லை யாரும் ஏற்கமாட்டார்கள்.

ரயர் உதவி என்றால் உங்களுடைய மாற்று ரயரைப் பூட்டித் தருவது மட்டும்தான். மாற்று ரயர் இல்லாமல் போகிறவருக்கு அந்தச் சேவையால் பயனில்லை. படுக்கைக்கு இடம் வேண்டும் என்று அதை வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

ஸ்காபரோவிலிருந்து ஒரு மானிப்பாயார் எழுதியது:

அண்ணை, இங்கே நாங்கள் கோடையில் மோட்டார் வீட்டு வாகனத்தில் பயணம் செய்கிறவர்கள் என்பதால் ஒரு விடயத்தைச் சொல்ல விரும்புகிறேன். கனடாவின் வாகனச் சங்கத்தில் சாதாரண உறுப்புரிமை இப்படியான பெரிய வாகனங்களுக்குப் பொருந்தாது. அதற்கென்று தனியாக ஒரு பிரிவு எடுக்கவேண்டும், அதில் 200 கிலோமீற்றர் வரை இழுத்துச் செல்வார்கள். இங்கே ஊர்களுக்கு இடையில் நெடுந்தூரம் வெறுமையாகக் கிடப்பதாலும், பெரிய வாகனத்தைத் தொடக்கூடிய கராஜ் எல்லா ஊரிலும் இல்லாததாலும், அந்தத் தூரத்துக்காகவே பணம் கட்டுகிறோம். உங்கள் நிலை அப்படியல்ல. ஹையேஸ் வானைத் தெரியாத மெக்கானிக் வவுனியாவிலும் இல்லை, தம்புள்ளையிலும் இல்லை. ஆகவே யாழ்ப்பாணம் வரை இழுத்துவரும் காப்பைத் தேடிக் கூடுதல் பணம் கொடுப்பதைவிட, அருகிலுள்ள நகரத்துக்கு எந்த நேரத்திலும் கொண்டுபோய்ச் சேர்க்கும் காப்பை எடுப்பதே சரியென்று நினைக்கிறேன்.

இங்கிருந்து எடுத்துக்கொள்ளத்தக்க இன்னொன்று, வாகனத்தின் உண்மையான நீளம், உயரம், நிறை மூன்றையும் முன்கூட்டியே பதிந்துவைப்பது. 60 லீற்றர் தண்ணீர் என்றால் 60 கிலோ. படுக்கை, பற்றரி, பாத்திரங்கள் எல்லாம் சேரும்போது, வெறும் வானுக்கென்று அனுப்பப்படும் கரியர் போதாமல் போகலாம்.

வவுனியா கராஜ்காரர் எழுதியது:

ஐயா, பின்சக்கரங்கள் இழுக்கும் வான் என்றபடியால், முன்சக்கரங்களை மட்டும் தூக்கிப் பின்சக்கரங்கள் உருள நெடுந்தூரம் இழுக்க விடாதீர்கள். கியர்பெட்டி தானியங்கி என்றால் கட்டாயம் பழுதாகும். தட்டையான தளம் உள்ள கரியர் வரவேண்டும், அல்லது பின்சக்கரங்களுக்கு விசையைக் கொண்டுசெல்லும் புரொப்பெல்லர் தண்டைக் கழற்றிய பின்னரே இழுக்கவேண்டும். இதை அழைக்கும்போதே சொல்லுங்கள். பூநகரிக்கும் வெள்ளாங்குளத்துக்கும் இடையில் ஆள் நடமாட்டம் குறைவு. அந்தப் பகுதியைப் பகலில் கடந்துவிடுங்கள்.

இடத்தைச் சொல்வதற்கு வீதியோரத்தில் தூரம் காட்டும் கட்டையின் இலக்கம் போல வேறொன்றும் உதவாது. கண்டி - யாழ்ப்பாணம் ஏ9 வீதியின் கட்டைகள் கண்டியிலிருந்து எண்ணப்படுகின்றன. கிளிநொச்சியில் 155ஆம் கட்டை என்று நாங்கள் சொல்வது பழைய மைல் கணக்கு, இப்போது நட்டிருப்பவை கிலோமீற்றர் கட்டைகள், ஆகவே எது என்று தெளிவாகச் சொல்லவேண்டும். இலக்கத்துக்கு மொழி தடையில்லை.

ரயரின் பக்கச்சுவரில் உள்ள நான்கு எண்களையும் பாருங்கள். 0922 என்றால் 2022ஆம் ஆண்டின் ஒன்பதாவது வாரம் செய்தது. ரயரில் பூ (தேயும் மேற்பரப்பின் வரிப்பள்ளங்கள்) நன்றாக இருந்தாலும் ஆறு ஏழு ஆண்டு கடந்திருந்தால், இந்த நிறையோடு வெயிலில் ஓடுவதற்கு நான் சம்மதிக்கமாட்டேன். நுவரெலியாவிலிருந்தும் எல்லவிலிருந்தும் இறங்கும்போது பிரேக்கை மிதித்தபடியே வராமல் சிறிய கியரில் இறங்குங்கள்.

கொக்குவிலூரான் எழுதியது:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. நீங்கள் சொன்னபடி எழுதிக் கேட்டேன். என் பத்திரத்தில் உள்ளது விபத்துக்கான இழுவை மட்டும்தான் என்று மறுநாளே பதில் வந்தது; சுன்னாகத்து ஐயா கேட்கச் சொல்லியிராவிட்டால் இது வழியில்தான் தெரிந்திருக்கும். மேலதிகக் கட்டணம் செலுத்தினால் பழுது உதவியையும் சேர்க்கலாம் என்றும், அதற்கு முன்னர் வானைப் படமெடுத்து மாற்றங்களைப் பதியவேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார்கள். சங்கத்திடமும் அதே கேள்விகளைக் கேட்டு அனுப்பியிருக்கிறேன். இரவில் தமிழில் பேச ஆள் இருப்பாரா என்பதற்கு யார் தெளிவான பதில் தருகிறார்களோ அவர்களிடமே எடுப்பேன். திரும்பும்போது அம்பாந்தோட்டையிலிருந்து அதிவேக நெடுஞ்சாலையில் கொழும்புக்கு வர எண்ணுகிறோம். அங்கே நின்றால் என்ன செய்வது?

சுன்னாகத்தார் எழுதியது:

அங்கே 1969 என்ற நெடுஞ்சாலை அவசர உதவி இலக்கத்துக்கு முதலில் அழையுங்கள், ஐயா. வானை இடது ஓரத்தில் நிறுத்தி, அம்மாவை வீதிப் பக்கம் இறக்காமல் தடுப்புக் கம்பிக்கு அப்பால் இருத்துங்கள். உங்கள் காப்பின் கரியர் நெடுஞ்சாலைக்குள் வருமா, வெளியேறும் வாயிலில்தான் பொறுப்பேற்குமா என்பதையும் அதே மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள்.