லேமினேட்டரில் குமிழி வருகிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. கோவை கணபதியில் சின்ன யூனிட் வைத்து, தெருவிளக்குக்கான 40 வாட் சோலார் பேனல் செய்கிறோம். பேனலின் அடுக்குகளைச் சூடாக்கி, அழுத்தி ஒட்டும் லேமினேட்டர் மெஷின் பழசாக வாங்கியது. பத்து நாளாக, பேனல் வெளியே வந்ததும் பஸ்பார் (செல்லின் மின்சாரத்தைக் கொண்டுபோகும் உலோகப் பட்டை) ஓரமாகக் கடுகு கடுகாகக் குமிழி. 145 டிகிரி, 6 நிமிடம் வாக்குவம் (காற்றை உறிஞ்சுவது), 12 நிமிடம் அழுத்தம். செட்டிங்கில் கையே வைக்கவில்லை. வாக்குவம் பம்ப் ஆயில் பால் மாதிரி வெளுத்திருந்தது, மாற்றியாயிற்று. அப்படியும் நிற்கவில்லை. ஈ.வி.ஏ. (அடுக்குகளை ஒட்டவைக்கும் பிளாஸ்டிக் ஷீட்) ரோல் மழை நாளில் பிரித்தபடியே கிடந்தது, ஈரம் ஏறியிருக்குமோ? இல்லை, மேல்மூடியில் பேனலை அழுத்தும் சிலிகான் ரப்பர் ஷீட்டில் ஓட்டையா? அதைக் கழற்றாமலே சோதிக்க வழி உண்டா? விற்றவர் போனையே எடுப்பதில்லை, அது தனிக் கதை. கோவை, திருப்பூர் பக்கம் ஷீட் மாற்றித் தருபவர் யாரையாவது தெரிந்தால் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமைக்குள் 60 பேனல் கொடுத்தாக வேண்டும்.