குளமும் வாவியும் 'வெவ'வும் ஒரே வேரில் பிறந்தவையா?

மாங்குளத்திலிருந்து கேட்கிறேன்: எங்கள் ஊரில் குளம் என்பதைச் சிங்கள அயலவர் 'வெவ' என்கிறார்கள், மட்டக்களப்பிலோ வாவி என்கிறார்கள். இச்சொற்களுக்குள் உறவு உண்டா?

மறுமொழி 1: வாவி, வெவ இரண்டும் 'வாபீ' என்ற வடமொழிச் சொல்லின் வழியில் வந்தவை. குஜராத்தில் படிக்கிணற்றைக் குறிக்கும் 'வாவ்' என்பதும் அதுவே. ஒரே சொல் அங்கே படிகளோடு நிலத்துள் இறங்கும் கிணறாகவும், தென்னிலங்கையில் மழைநீரைத் தேக்கும் குளமாகவும், மட்டக்களப்பில் கடலோடு கலக்கும் நீர்ப்பரப்பாகவும் பொருள் கொண்டிருப்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு வியப்பே மிஞ்சுகிறது. குளம் தமிழ்ச்சொல், அநுராதபுரத்துக்கு அருகிலுள்ள கல்குளம் சிங்களத்தில் 'கல்குலம' என்றே வழங்குவதால், அது அம்மொழிக்குள்ளும் சென்றிருக்கிறது.

மறுமொழி 2: ஐயா கூறியதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். மாங்குளம், புளியங்குளம் என்பவை மரத்தின் பெயரால் அமைந்தவை. மாங்காய், புளியங்காய் என்னும்போது தோன்றும் அதே மெல்லொலிதான் இங்கும் தோன்றுகிறது. இரணைமடுவில் இரணை என்பது இரட்டை, மடு என்பது ஆழமான நீர்நிலை. கிளிநொச்சியில் நொச்சி மரம் நிற்கிறது. எங்கள் அம்மப்பா அதன் இலையை அவித்து ஆவி பிடிப்பார்.

மறுமொழி 3: முல்லைத்தீவின் 'தீவு' வடமொழித் 'த்வீப'த்திலிருந்து வந்தது. சிங்களத்தில் இலங்கையைக் குறிக்கும் 'லக்திவ' என்ற பெயரின் பிற்பகுதியும், லட்சத்தீவின் பிற்பகுதியும் அதே சொல்தான்.

கேட்டவர்: மிக்க நன்றி. வாவியின் செய்தியை இன்றே அயலவரிடம் சொல்கிறேன்.