குட்டியோடு வந்த டால்பினைப் பார்த்த அனுபவம்

படகின் எஞ்சினை நிறுத்திய பிறகுதான் அந்த மூச்சுச் சத்தம் காதில் விழுந்தது. டால்பின்கள் "புஸ்" என்று காற்றை வெளியே விட்டு, உடனே இழுத்துக்கொண்டு, உச்சந்தலைத் துளையை மூடியபடி உள்ளே போய்விடுகின்றன. மீன் மாதிரி செவுள் கிடையாது, நுரையீரல்தான். மேலே வர முடியாமல் போனால் டால்பினும் மூச்சுமுட்டிச் செத்துவிடும். அதனால்தான் தூங்கும்போதுகூட மூளையின் ஒரு பாதி விழித்தே இருக்கிறது.

கூட்டத்தில் ஒரு தாயை ஒட்டியே குட்டி ஒன்று நீந்தியது. அதன் விலாவில் வெளிறிய கோடுகள் தெரிந்தன. கருப்பைக்குள் மடங்கிக் கிடந்த தடம் அது, பிறந்து கொஞ்ச காலம் வரை இருக்கும். தண்ணீர் தெளிவாக இருந்ததால் அது தாயின் அடிவயிற்றில், வால் பக்கமாக வாய் வைத்ததும் தெரிந்தது. அங்கே ஒரு பிளவுக்குள் முலைக்காம்பு மறைந்திருக்கும். குட்டி நாக்கைக் குழல்போலச் சுருட்டிக்கொள்ள, தாய் பாலைப் பீய்ச்சும். கொழுப்பு மிகுந்த கெட்டியான பால். ஒரு தடவைக்குச் சில நொடிகள்தான்.

டால்பின் ஏன் பாலூட்டி என்று கேட்டால் பலரும் முதலில் சொல்வது, "குட்டி போடுகிறதே!" அது மட்டும் போதாது என்றே நினைக்கிறேன். சில சுறாக்களும் குட்டி போடும். சூரை மீன்கூட உடல் சூட்டை ஓரளவு காத்துக்கொள்ளும். ஆனால் பால் சுரப்பி எந்த மீனுக்கும் இல்லை. முடியும் இல்லை. டால்பின் குட்டிக்கோ பிறக்கும்போது மூக்கு நுனியின் மேல் சில முடிகள் இருக்கும், பெரும்பாலான இனங்களில் பிறகு உதிர்ந்துவிடும்.

அப்புறம் அந்த வால்! மீனின் வால் செங்குத்தாக நின்று பக்கவாட்டில் அசையும். டால்பினுடையது கிடைமட்டம், மேலும் கீழும் அடிக்கிறது. நாலுகால் பாய்ச்சலில் ஓடும் விலங்கின் முதுகு வளைவதும் இப்படித்தான். சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் நிலத்தில் நடந்த குளம்புள்ள விலங்குகளின் வழிவந்தவை இவை. இன்று உயிரோடிருக்கும் நெருங்கிய உறவு நீர்யானை. துடுப்புக்குள் நம் கையில் உள்ளதுபோலவே மேற்கை, முன்கை, விரல் எலும்புகள் வரிசையாக இருக்கின்றன.

டால்பின் பாலூட்டுவதை அரிஸ்டாட்டிலே எழுதி வைத்திருக்கிறார். ஆனாலும் 1758-இல் உயிரினங்களை வகைப்படுத்திய ஸ்வீடன் அறிஞர் லின்னேயஸ்தான் இவற்றை மீன் வரிசையிலிருந்து எடுத்துப் பாலூட்டிகளோடு சேர்த்தார்.

குட்டியின் அந்த மூக்கு முடியை மட்டும் படகிலிருந்து என்னால் பார்க்க முடியவில்லை. அருகில் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் எப்படி இருந்தது என்று எழுதுங்கள்.