மதகு திறக்காத புரட்டாசி

மேலூர்ப் பக்கத்து உறுப்பினர் எழுதியது:

காத்திருந்த காலத்தில் தெய்வ நம்பிக்கை எப்படி நிலைத்தது என்பதை நம் குழுவில் பலரும் பகிர்ந்து வருகிறீர்கள். எங்கள் வீட்டில் நடந்ததையும் சொல்கிறேன். எங்களுடையது, வைகை அணைத் தண்ணீர் வரும் பெரியாறு பிரதானக் கால்வாயின் கடைமடைக் கிராமம். கால்வாயின் மேற்பகுதியில், கள்ளந்திரி வரையுள்ள இருபோக நிலங்களுக்குத்தான் தண்ணீர் முதலில் திறக்கப்படும். மேலூர்ப் பகுதியின் 85,563 ஏக்கர் ஒருபோக நிலத்துக்கு, வைகை அணையில் இருப்பு போதுமானதாக இருந்தால், வழக்கமாகச் செப்டம்பர் நடுவில் திறப்பார்கள்.

அந்த ஆண்டு கிணற்றுத் தண்ணீரை நம்பி நாற்றுப் பாவிவிட்டோம். புரட்டாசி பாதி கடந்தும் மதகு திறக்கவில்லை. நாற்றின் நுனி பழுத்து, தூரில் கணு விடத் தொடங்கியிருந்தது. நிலத்தை மனையாகப் பிரித்து விற்றுத் தருவதாக ஒரு தரகர் வாரந்தோறும் வந்து போனார். என் கணவரும் ஏறக்குறைய மனம் மாறிவிட்டார். மாமனாரோ தினமும் காலையில் மண்வெட்டியோடு போய், காய்ந்து கிடந்த வாய்க்காலில் கோரையை வெட்டி மண்ணை அள்ளிவிட்டு வந்து, அழகர் படத்துக்கு விளக்கேற்றுவார். எதற்கு இந்த வீண் வேலை என்று கேட்டதற்கு, "தண்ணி வர்றப்ப வாய்க்கா தூர்ந்து கிடந்தா, அழகரையா குத்தஞ்சொல்றது?" என்றார்.

துர்வாசரின் சாபத்தால் தவளையாகி வைகைக் கரையில் தவமிருந்த மண்டூக முனிவரின் கதையையும் அவர் அடிக்கடி சொல்வார்; சித்திரைத் திருவிழாவில் தேனூர் மண்டபத்தில் அழகர் விமோசனம் கொடுப்பதை எங்கள் பக்கத்தில் பார்க்காதவர் குறைவு. முனிவருக்காவது அழகர் வருவார் என்று தெரிந்திருந்தது, நமக்கு அதுவும் இல்லையே என்று நான் உள்ளுக்குள் முணுமுணுத்ததுண்டு.

ஐப்பசியில் மழையும் கால்வாய்த் தண்ணீரும் சேர்ந்தே வந்தன. முற்றிய நாற்றைக் குத்துக்குக் கூடுதலாக வைத்து நெருக்கி நட்டோம்; மீதி வயலில் குறுகிய கால ரகத்தை விதைத்தோம். விளைச்சல் குறைவுதான். தாமதமெல்லாம் நம் நன்மைக்கே என்று எளிதாகச் சொல்லிவிடுவோருடன் எனக்கு உடன்பாடில்லை, ஏனெனில் நாற்று பழுத்ததில் யாருக்கும் எந்த நன்மையும் இல்லை. ஆயினும் தண்ணீர் வரும் நாளை அழகரிடம் விட்டுவிட்டு, தன் பங்கு வேலையை மட்டும் பார்த்த மாமனாரின் அந்த நிதானம் இல்லாதிருந்தால், வயல் அப்போதே கைமாறியிருக்கும்.

உசிலம்பட்டிப் பக்கத்து உறுப்பினர் எழுதியது:

சகோதரி சொன்ன காத்திருப்பு ஒரு பருவத்துக்கு உரியது; எங்களுடையது ஒரு தலைமுறையைத் தின்றது. வைகை அணையிலிருந்து உசிலம்பட்டிப் பக்கத்துக்குத் தண்ணீர் கொண்டுவரும் 58 கிராமக் கால்வாய்க்காக எங்கள் தந்தை காலத்திலிருந்தே போராடினார்கள். சோதனை ஓட்டமாகத் தண்ணீர் வந்தது 2018இல்; தந்தை அதைப் பார்க்க இல்லை. அன்று ஊரார் கால்வாய்க் கரையில் குலவையிட்டபோது, அம்மா மட்டும் "இத்தனை வருசம் என்னய்யா பண்ணிக்கிட்டிருந்த?" என்று கருப்பசாமியிடமே சண்டை போட்டார். நம்பிக்கை இல்லாதவர் அப்படிச் சண்டை போட மாட்டார் என்பது என் எண்ணம்.

வைகை அணையின் நீர்மட்டம் 67 அடியைத் தாண்டினால்தான் எங்கள் கால்வாயில் தண்ணீர் ஏறும் என்பதால் காத்திருப்பு இன்னும் தீரவில்லை. ஆண்டுதோறும் திறக்க நிரந்தர அரசாணை கேட்டு மனுக் கொடுக்கப் போகும் நாளில், அம்மா கருப்பசாமிக்குச் சூடம் ஏற்றிவிட்டுத்தான் பேருந்து ஏறுகிறார்.