ஒரு குப்பி, ஆறு வீடு, இரண்டு மணி நேரம்

குழு: மேல்தெருக் கோழிக்காரர்கள், சாட்ஸ்வர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா
குழு விளக்கம்: இது நம் தமிழ் வகுப்பின் கிளைக் குழு என்பதால் எல்லோரும் தமிழில், முழு வாக்கியங்களாக எழுதவும். தவறுபவர் ஐந்து ரேண்டு கட்ட வேண்டும். தொகை ஆடிக் கூழுக்குச் சேரும்.

*செவ்வாய்க்கிழமை*

கோகிலா (மாலை 6:10): எல்லோருக்கும் வணக்கம். மலைக்கு அந்தப் பக்கத்தில் என் அத்தை வீட்டில் நான்கு நாளில் பதினாறு கோழிகள் செத்துவிட்டன. கழுத்தை முறுக்கிக்கொண்டு, பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, கடைசியில் நிற்க முடியாமல் சாய்ந்தனவாம். அது வெள்ளைக் கழிச்சல் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. போன வருடம் நாம் ஆளுக்கு ஆள் தனித்தனியாக யோசித்துக்கொண்டிருந்து ஒருவரும் ஒன்றும் செய்யாமல் விட்டோம். இந்த வருடமாவது சேர்ந்து ஒரு குப்பித் தடுப்பு மருந்து வாங்கலாமா?

லோகன் (6:14): நான் தயார். எவ்வளவு ஆகும் என்று சொல்லுங்கள் அக்கா.

கோகிலா (6:21): கடையில் கேட்டேன். குப்பியை ஆயிரம் கோழிக்கு என்று அடைத்து விற்கிறார்கள். பத்துக் கோழிக்கு என்று சின்னதாகக் கிடைக்கவில்லை. ஆறு வீடும் பங்கிட்டால் ஆளுக்கு ஒரு டஜன் முட்டை விலைதான் வரும். எந்த வீட்டில் எத்தனை உருப்படி என்று எழுதுங்கள். என்னிடம் ஒன்பது இருக்கின்றன.

பூபாலன் மாமா (6:30): என் வீட்டில் பதினொன்று. அவற்றில் ஆறு பொச்செஃப்ஸ்ட்ரூம் கூக்கூக், மற்றவை அவற்றின் கலப்பு. அந்தப் புள்ளிக்கோழிகள் நம் நாட்டிலேயே உருவான இனம் என்பதால் எந்த நோயும் தொடாது என்று விற்றவர் சொன்னார்.

தேவன் அண்ணன் (6:41): மாமா, அந்த இனம் வெயிலையும் மேய்ச்சலையும் நன்றாகத் தாங்கும் என்பது உண்மைதான். ஆனால் வெள்ளைக் கழிச்சல் இனம் பார்ப்பதில்லை. தடுப்பு மருந்து போடாத கூட்டத்தில் நோய் கடுமையாகப் புகுந்தால் பத்தில் ஒன்பது கூடச் சாகும். கால்நடை மருத்துவமனையில் உதவியாளனாக முப்பது வருடம் நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன். என் வீட்டில் ஆறு.

பிரேமா (6:50): நான்கு பெட்டைகள். ஒன்று அடைகாத்து எழுந்து இன்றோடு ஒன்பது நாள். அதன் குஞ்சுகள் எட்டு. குஞ்சுகளுக்கும் போடலாமா அண்ணா?

தேவன் அண்ணன் (6:53): ஒரு வாரம் தாண்டிவிட்டதால் தாராளமாகப் போடலாம், கண்ணில் ஒரு சொட்டு.

லோகன் (7:05): என்னிடம் ஒரு பன்னிரண்டு பதின்மூன்று இருக்கும்.

கோகிலா (7:06): லோகன், உன் கோழியை நீயே எண்ணவில்லை என்றால் வேறு யார் எண்ணுவார்கள்?

லோகன் (7:40): விளக்கை எடுத்துக்கொண்டு போய் எண்ணிவிட்டேன். பதினான்கு. ஒரு சேவல் மட்டும் கூட்டில் அடையாமல் அவகாடோ மரத்தில்தான் தூங்குவேன் என்கிறது.

*புதன்கிழமை*

கோகிலா (காலை 8:02): சரஸ் ஆயா இன்னும் பதில் எழுதவில்லை. சனிக்கிழமை காலையில் எல்லோரும் கோழிகளைக் கூடையில் போட்டு என் வாகனக் கொட்டகைக்குக் கொண்டுவந்துவிட்டால், தேவன் அண்ணன் ஒரே இடத்தில் உட்கார்ந்து போட்டு முடித்துவிடலாம் என்று நினைக்கிறேன்.

தேவன் அண்ணன் (8:20): தயவுசெய்து அதை மட்டும் செய்ய வேண்டாம். நோய் உள்ளே புகுந்து, வெளியே தெரிவதற்குச் சாதாரணமாக ஐந்தாறு நாள் ஆகும்; சில சமயம் இரண்டு வாரம் கூட ஆகும். பார்வைக்கு நன்றாக இருக்கிற ஒரு கோழி நோயோடு கொட்டகைக்குள் வந்தால், மருந்து போட வந்த இடத்திலேயே தெரு முழுவதற்கும் நோயை வாங்கிக்கொண்டு போவோம். மருந்து போட்டதும் பாதுகாப்பு வந்துவிடாது. உடம்பில் எதிர்ப்பு ஊற ஒன்றிரண்டு வாரமாவது வேண்டும். கோழி அதன் கூட்டிலேயே இருக்கட்டும், நான் வீடு வீடாக வருகிறேன். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு வாளியில் பிளீச் கலந்த தண்ணீரை வைத்தால், காலணியை அதில் நனைத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவேன்.

பூபாலன் மாமா (8:33): குடிநீரில் கலந்து வைத்துவிட்டால் பிடிக்கிற வேலையே இல்லையே தம்பி?

தேவன் அண்ணன் (8:47): பெரிய பண்ணைகளில் அப்படிச் செய்கிறார்கள். நம் குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கிறது. இந்த மருந்தில் இருப்பது உயிருள்ள, வீரியம் குறைந்த கிருமி என்பதால் குளோரின் பட்டால் செத்துவிடும். பால் பவுடர் கலந்து அதை முறிக்கலாம். ஆனாலும் எந்தக் கோழி எவ்வளவு குடித்தது என்று நமக்குத் தெரியாது. வலுத்தது இரண்டு பங்கு குடிக்கும், கொத்து வாங்குகிற கோழி வாளிப் பக்கமே வராது. ஐம்பது அறுபது கோழிக்குக் கண்ணில் சொட்டு விடுவதுதான் உறுதியான வழி.

பிரேமா (9:15): இது பறவைக் காய்ச்சலுக்கும் சேர்த்துப் பாதுகாப்புத் தருமா? 2023இல் கடைகளில் முட்டையே கிடைக்காமல் அலைந்தது நினைவுக்கு வருகிறது.

தேவன் அண்ணன் (9:22): தராது. அப்போது பண்ணைகளை அழித்தது ஹெச்7என்6 என்ற பறவைக் காய்ச்சல் கிருமி. அது வேறு குடும்பம். இந்த மருந்து வெள்ளைக் கழிச்சலுக்கு மட்டும்தான்.

சரஸ் ஆயா (மாலை 5:35): நான் பேசுகிறேன், பேத்தி எழுதுகிறாள். என் வீட்டில் ஏழு இருக்கின்றன. ஐந்து பெட்டை, ஆத்தாளுக்கு நேர்ந்துவிட்ட சேவல் ஒன்று, பிறகு ஒரு பெட்டை. அந்தக் கடைசிப் பெட்டை திங்கட்கிழமையிலிருந்து தின்னவில்லை. வாயைத் திறந்து திறந்து மூச்சு விடுகிறது. நேற்றே சொல்லியிருக்க வேண்டும். போன வருடம் இந்தத் தெருவில் கோழி செத்தபோது என் வீட்டிலிருந்துதான் வந்தது என்று ஒருவர் பேசியது இன்னும் என் காதில் இருக்கிறது, அதனால் வாயை மூடிக்கொண்டேன்.

கோகிலா (5:44): அப்படிப் பேசியது நான்தான் ஆயா. அன்றைக்கு ஒன்பது கோழியைப் புதைத்த வேகத்தில் சொல்லிவிட்டேன். நீங்கள் மன்னிக்க வேண்டும்.

சரஸ் ஆயா (5:58): அது போகட்டும். நான் பிறந்தது டர்பனிலேயே இருக்கிற கேட்டோ மேனரில். தோட்டமும் நாற்பது கோழியுமாக இருந்தோம். இனத்துக்கு ஒரு பகுதி என்று பிரித்த குழுப் பகுதிச் சட்டத்தைக் காட்டி எங்களைக் கிளப்பி 1964இல் இங்கே கொண்டுவந்து விட்டபோது, அம்மா ஏழு கோழியை மட்டும் கூடையில் கட்டி லாரியில் தன் மடிமேல் வைத்துக்கொண்டு வந்தாள். இந்தப் படிக்கட்டு வீட்டில் மேய இடம் ஏது? கொல்லையில் பலகை அடித்துக் கூடு செய்தோம். வந்த இரண்டாம் வருடம் இதே நோயில் ஒரு வாரத்துக்குள் எல்லாம் போயிற்று. மஞ்சள், மிளகு, வெங்காயம் எல்லாம் அரைத்து உருட்டி ஊட்டினாள், ஒன்றும் பலிக்கவில்லை. மருந்து போடுகிறவர்களைத் தடுக்க எனக்கு மனமில்லை. வந்து பார்க்கச் சொல்லுங்கள்.

தேவன் அண்ணன் (6:09): நாளை மாலை வந்து பார்க்கிறேன் ஆயா. அதுவரை அந்தப் பெட்டையைத் தனிக் கூடையில், மற்றவற்றின் பார்வைக்கு அப்பால் வையுங்கள். அதற்கு வைத்த தண்ணீர்த் தட்டை மற்றவற்றுக்கு வைக்காதீர்கள். கழுத்து முறுக்குகிறதா, எச்சம் என்ன நிறம் என்று மட்டும் கவனியுங்கள். வெள்ளைக் கழிச்சல் என்றே தெரிந்தால் நாம் மறைக்க முடியாது. 1984ஆம் ஆண்டின் விலங்கு நோய்ச் சட்டப்படி அரசுக் கால்நடை மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும்.

சரஸ் ஆயா (6:15): கழுத்து நேராகத்தான் இருக்கிறது. வாசலில் நிற்கிற வேப்பிலையைக் கொத்தாகப் போட்டு வைத்திருக்கிறேன்.

தேவன் அண்ணன் (6:19): ஆயா, இங்கே கோயிலுக்குப் பறிக்கிறோமே, அது ஊர் வேம்பு அல்ல, சிரிங்கா என்ற வேறு மரம். சாமிக்கு வைப்பது நம் நம்பிக்கை, அதைப் பற்றி நான் பேசவில்லை. ஆனால் அதன் காய் நஞ்சு. கோழிக் கூடையிலிருந்து எடுத்துவிடுங்கள்.

*வியாழக்கிழமை*

தேவன் அண்ணன் (மாலை 7:02): ஆயா வீட்டுப் பெட்டையைப் பார்த்துவிட்டு வந்து, குளித்து, உடை மாற்றிய பிறகு எழுதுகிறேன். கையுறை போட்டுக்கொண்டு கழுத்தடியைத் தடவியபோது தீனிப்பை எலுமிச்சம்பழம் அளவுக்குத் திரண்டு கல்லாக இருந்தது. வாய்க்குள் பார்த்தால் தொண்டையோரத்தில் ஒரு புல் நுனி நீட்டிக்கொண்டிருந்தது; மெதுவாக இழுத்தேன், என் விரல் நீளத்துக்கு வந்து அறுந்தது. வேலியோரத்தில் வெட்டிப் போட்ட நீளப்புல்லைத் தின்று அடைத்துக்கொண்டிருக்கிறது. எச்சத்தில் பச்சை இல்லை, மூக்கில் சளி இல்லை, கால் உறுதியாக ஊன்றுகிறது. அரைக் கரண்டி எண்ணெய் ஊற்றி, தீனிப்பையைக் கீழிருந்து மேலாகப் பிசைந்துவிட்டேன். இது வெள்ளைக் கழிச்சல் அல்ல என்று நினைக்கிறேன். என்றாலும் உடம்பு சரியில்லாத கோழிக்கு மருந்து போடக் கூடாது என்பதால் அதை விட்டுவிடுவோம். ஆயா வீட்டுக்குக் கடைசியாகப் போவேன்.

கோகிலா (7:10): அப்படியானால் ஒன்பது, ஆறு, பதினொன்று, பதினான்கு, பிரேமாவின் பன்னிரண்டு, ஆயாவின் ஆறு, மொத்தம் ஐம்பத்தெட்டு.

சரஸ் ஆயா (7:16): நேர்ந்துவிட்ட சேவலை இந்த ஆடிக்குள் கொடுக்க வேண்டுமே, மருந்து போட்டால் சாப்பிடலாமா?

தேவன் அண்ணன் (7:20): குப்பியோடு வரும் தாளில் அறுப்பதற்கு எத்தனை நாள் பொறுக்க வேண்டும் என்று போட்டிருப்பார்கள். படித்துவிட்டுத்தான் அந்தச் சேவலைத் தொடுவேன்.

*வெள்ளிக்கிழமை*

கோகிலா (மதியம் 1:15): குப்பி வாங்கியாயிற்று. போன வருடம் நான் தனியாக வேறொரு கடையில் கேட்டுப் பார்த்தபோது, அலமாரியில் வெறுமனே நின்ற குப்பியைக் காகிதப் பையில் போட்டுக் கொடுக்க வந்தார்கள், வாங்காமல் திரும்பினேன். இந்த முறை குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள், நானும் ஐஸ் பெட்டியோடு போயிருந்தேன். இரண்டிலிருந்து எட்டு டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்று தாளில் இருக்கிறது. இன்றிரவு மின்சாரம் போனால் என்ன செய்வது?

தேவன் அண்ணன் (1:24): கதவைத் திறக்காமல் விட்டால் சுமார் நான்கு மணி நேரம் குளிர் நிற்கும். பக்கத்து மொசாம்பிக்கில் கிராமத்துக் கோழிகளுக்கென்று சூட்டை ஓரளவு தாங்கும் மருந்தைப் போடுகிறார்கள். நம் கையில் இருப்பது அந்த ரகம் அல்ல. கலக்குகிற நீரையும் அதே பெட்டியில் வையுங்கள். கலந்த பிறகு இரண்டு மணி நேரம்தான் கணக்கு.

பூபாலன் மாமா (1:40): அப்படியானால் ஐம்பத்தெட்டுக்குப் போக மீதி 942 கோழிக்கான மருந்தைக் கொட்டத்தான் வேண்டுமா? வயிறு எரிகிறது.

தேவன் அண்ணன் (1:43): கொட்டத்தான் வேண்டும் மாமா. இன்றிரவு எல்லோரும் கோழிகளைக் கூட்டில் அடைத்துத் தாழ் போடுங்கள், விடிந்தும் திறக்க வேண்டாம். இருட்டில் கிளையிலிருந்து பழம் பறிப்பது போல எடுக்கலாம். வெளிச்சம் வந்துவிட்டால் நாம்தான் ஓட வேண்டும்.

*சனிக்கிழமை*

தேவன் அண்ணன் (காலை 5:48): கலந்தாயிற்று. 7:48க்குள் முடிக்க வேண்டும். பிரேமா வீட்டிலிருந்து தொடங்குகிறேன், குஞ்சுகள் முதலில்.

பிரேமா (6:12): எங்கள் வீட்டில் பன்னிரண்டும் முடிந்தது. அண்ணன் தலையைச் சாய்த்துப் பிடித்து நீல நிற மருந்தில் ஒரு சொட்டு விட்டதும், கண் முழுவதும் நீலமாகப் பரவுகிறது. உடனே கோழியின் மூன்றாவது இமையான உள்ளிமை முன்மூலையிலிருந்து திரை இழுப்பது போல வந்து துடைத்துக்கொண்டு போகிறது. அது இமைக்கும்வரை கையை விடக் கூடாதாம். மருந்து பட்ட கையால் உங்கள் கண்ணைத் தேய்க்காதீர்கள், மனிதருக்கும் கண் சிவக்கும் என்று சொன்னார்.

கோகிலா (6:35): என்னுடையவை ஒன்பதும் ஆயிற்று. நாங்கள் கூட்டில் மும்முரமாக இருந்தபோது குரங்குகள் சமையலறைச் சன்னலில் வைத்த முட்டைக் கூடையைப் பார்த்துக்கொண்டன. நான்கு முட்டை போனது.

பூபாலன் மாமா (6:58): பதினொன்றும் முடிந்தது.

லோகன் (7:20): பதின்மூன்று முடிந்தது. அந்தச் சேவல் அவகாடோ மரத்தின் உச்சியில் இருக்கிறது. நான் கொட்டகைக் கூரையில் நிற்கிறேன்.

பூபாலன் மாமா (7:21): கூரையேறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன் வானமேறி வைகுண்டம் போவானாம். நேற்றிரவே பிடித்து அடைத்திருக்க வேண்டும் தம்பி.

தேவன் அண்ணன் (7:24): காத்திருக்க நேரமில்லை, ஆயா வீட்டுப் படியிறங்குகிறேன்.

தேவன் அண்ணன் (7:45): ஆயாவின் ஐந்து பெட்டைகளுக்கும் போட்டாயிற்று. தாளில் இருக்கிற நாள் கணக்குப் படி அறுத்தால் ஆடி தாண்டிவிடும் என்பதால், ஆயா சொல்லிச் சேவலை விட்டுவிட்டோம். மற்ற கோழிகளோடு சேர்க்காமல் பஞ்சாரத்தில் இருக்கும். என் ஆறும் இடையிலேயே முடிந்தது. ஆக ஐம்பத்தாறு. மீதியைப் பிளீச்சில் ஊற்றிவிட்டேன்.

லோகன் (8:31): சேவல் இப்போதுதான் தானாக இறங்கிவந்து வாசலில் நின்று கூவுகிறது.

சரஸ் ஆயா (8:50): சீக்குப் பெட்டை இரவு கரும்பச்சையாகப் புல் உருண்டை ஒன்று கக்கியிருக்கிறது. இன்று காலை சோளக் குருணை ஊறவைத்துக் கொடுத்தேன், ஒரு பிடி தின்றது.

தேவன் அண்ணன் (8:58): நல்லது ஆயா. இரண்டு வாரம் தனியாகவே இருக்கட்டும். மற்றவர்களும் இரண்டு வாரத்துக்கு வெளியிலிருந்து கோழி வாங்கவோ கொடுக்கவோ வேண்டாம். அடுத்த சுற்று நவம்பரில்.

பூபாலன் மாமா (9:10): அந்த 942 இன்னும் என் மனத்தை விட்டுப் போகவில்லை. கீழ்த்தெருக்காரர்களையும் நவம்பரில் சேர்த்துக்கொண்டால் என்ன? அங்கே யார் யாரிடம் கோழி இருக்கிறது என்று யாருக்காவது தெரியுமா?

சரஸ் ஆயா (9:26): பதினொரு வீட்டில் இருக்கிறது. எல்லாம் என் பெட்டைகள் பொரித்த குஞ்சுகள்தான். பெயரெல்லாம் சொல்கிறேன், பேத்தி எழுதிக்கொள்வாள். காலைச் சாப்பாடு முடியட்டும்.