தேவிக்கும் டைகருக்கும் கேப் டவுனில் ஒரு வீடு

தேவி: எல்லோருக்கும் வணக்கம். ரெட் கிராஸ் குழந்தைகள் ஆஸ்பத்திரி வேலை உறுதியாகிவிட்டது. மே மாதம் கேப் டவுன் போகிறேன். வெள்ளிக்கிழமைக்குள் வாடகை வீட்டுக்கு முன்பணம் கட்டச் சொல்கிறார்கள். ரைலண்ட்ஸ், ரோண்டபோஷ், கார்டன்ஸ், மூன்று இடத்தில் பார்த்து வைத்திருக்கிறேன். நம் நாய் டைகரும் என்னோடு வருகிறான். காலையும் மாலையும் அவனை நடத்திக்கொண்டு போக எந்த ஏரியா தோது?

குமரன்: வாழ்த்துகள்!!

சாந்தி அத்தை: முருகன் துணை மா

ராணி பெரியம்மா: ரைலண்ட்ஸ். கோயில் பக்கம். நம் ஆட்கள் இருக்கிறார்கள்.

ராணி பெரியம்மா: நாய்க்காகவா வீடு பார்ப்பார்கள்

அம்மா: அக்கா, அது அப்பா வளர்த்த நாய்.

ராணி பெரியம்மா: தெரியும் சரோ. நான் ஒன்றும் சொல்லவில்லை.

குமரன்: மணி மாமா டைப் செய்துகொண்டே இருக்கிறார்

மணி மாமா: தேவி, பொறுமையாகப் படி. மேப்பில் பச்சையாகத் தெரிவதெல்லாம் நாய்க்கு ஆகாது. கிர்ஸ்டன்போஷ் தோட்டம் 1913-இல் ஆரம்பித்தது, உலகமே வந்து பார்க்கிறது, ஆனால் நாயை உள்ளே விட மாட்டார்கள். மலைப்பக்கம் பெரும்பாலும் தேசியப் பூங்கா. அங்கே நாயோடு நடக்க வருடாந்தர பர்மிட் வேண்டும், அதுவும் அவர்கள் ஒதுக்கிய பாதைகளில் மட்டும். நியூலாண்ட்ஸ் காடு அப்படி ஒன்று. பர்மிட் இருந்தால் டைகரைக் கூட்டிப் போகலாம், கோடையிலும் நிழல் இருக்கும். ஆனால் அது லீவு நாளுக்கு. விடியற்காலை டூட்டிக்கு முன்னால் மலைக்கு ஓட முடியுமா? கேட்டைத் திறந்து இறங்கினால் நடக்க இடம் இருக்க வேண்டும். நாய் வைத்திருப்பவருக்கு அதுதான் முக்கியம்.

தேவி: அதைத்தான் கேட்கிறேன் மாமா

மணி மாமா: இன்னும் முடியவில்லை. ரோண்டபோஷ் காமன் என்கிற பொது மைதானம் உன் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே. சுமார் 40 ஹெக்டேர் திறந்தவெளி. 1961-இல் தேசிய நினைவுச்சின்னமாக அறிவித்தார்கள். நாய் நடத்த அந்த வட்டாரமே அங்கேதான் வரும். மரம் குறைவு, ஆனால் எதிரே வருவது யார் என்று தூரத்திலேயே தெரியும். தனியாக நடக்கிற பெண்ணுக்கு அது பெரிய விஷயம். சனிக்கிழமை காலை 8 மணிக்கு பார்க்ரன் என்று எல்லோரும் சேர்ந்து ஓடுவார்கள், கூட்டமாக இருக்கும், முன்னாலேயே போய்விடு. இன்னொன்று, நமக்கு டர்பனில் கோடையில் மழை, அங்கே குளிர்காலத்தில்தான் மழை. நீ போய் இறங்கும்போதே ஆரம்பித்துவிடும். காமனில் தண்ணீர் தேங்கும். பழைய துண்டு ஒன்றை வாசலிலேயே வைத்துக்கொள், இவன் வயிறு வரைக்கும் சேறோடு வருவான். செப்டம்பரில் மணலில் சின்னச் சின்னப் பூக்கள் வரும். வேறெங்கும் கிடைக்காமல் போய்க்கொண்டிருக்கிற செடிகள். அப்போது பாதையை விட்டு அவனை இறக்காதே.

சாந்தி அத்தை: சாப்பாடு ஆறிவிட்டது என்று மாமாவிடம் யாராவது சொல்லுங்கள்

குமரன்: கார்டன்ஸ்?

மணி மாமா: அங்கே டி வால் பூங்கா. நாய்கள் கயிறில்லாமல் ஓடும், அருமையான இடம். ஆனால் ஆஸ்பத்திரிக்குத் தினமும் வண்டி எடுக்க வேண்டும், நைட் டூட்டி முடித்து வருகிற பிள்ளைக்குச் சிரமம்.

ராணி பெரியம்மா: ரைலண்ட்ஸிலிருந்து ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம்?

மணி மாமா: பக்கம்தான் அக்கா. அதே கிளிப்ஃபோன்டெய்ன் ரோடு.

ராணி பெரியம்மா: பார்த்தாயா

மணி மாமா: அக்கா, டர்பனிலேயே கேட்டோ மேனர் வீட்டிலிருந்து நம்மை எடுத்துத்தான் இந்தச் சாட்ஸ்வொர்த்தில் போட்டார்கள். ரைலண்ட்ஸும், இனவாரியாக ஊரைப் பிரித்த அதே குரூப் ஏரியாஸ் சட்டம் இந்தியருக்கென்று ஒதுக்கிய இடம்தான். 1991-இல் அந்தச் சட்டமே போய்விட்டது. தேவி இஷ்டப்பட்ட இடத்தில் இருக்கட்டுமே.

ராணி பெரியம்மா: அந்த லாரியில் நானும் வந்தேன் மணி. நீ அம்மா மடியில் இருந்தாய். அப்பா அன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை. இங்கே வந்த முதல் ராத்திரி உனக்குக் காய்ச்சல், பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினோம், தமிழில் பேசினார்கள். அதனால்தான் சொல்கிறேன்.

அம்மா: ஆமா அக்கா

தேவி: புரிகிறது பெரியம்மா

சாந்தி அத்தை: குட் ஃப்ரைடே இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலுக்கு யார் வண்டி?

குமரன்: என் பிக்கப் பக்கியில் முன்னால் இரண்டு பேர்

ராணி பெரியம்மா: பக்கியில் நான் ஏற மாட்டேன்

அம்மா: பெரிய அண்டா வேண்டும். அப்பா வீட்டிலிருந்து போனது யாரிடம் இருக்கிறது?

ராணி பெரியம்மா: போனது இல்லை. அப்பா எனக்குக் கொடுத்தது.

மணி மாமா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

குமரன்: மாமா நான் படித்துவிட்டேன்

தேவி: வெள்ளிக்கிழமை...

தேவி: ரோண்டபோஷ் ஃபிளாட்டில் ஒரு சிக்கல். நாய் வைக்க, கட்டடத்தை நிர்வகிக்கிற டிரஸ்டிகள் எழுத்தில் சம்மதம் தர வேண்டுமாம். ஏஜென்ட் பணத்தைக் கட்டுங்கள், அப்புறம் பார்க்கலாம் என்கிறார்.

மணி மாமா: கட்டாதே!! முதலில் எழுத்தில் வாங்கு. தகுந்த காரணமில்லாமல் டிரஸ்டிகள் மறுக்கக் கூடாது என்று விதியே இருக்கிறது. ஆனால் வீட்டுக்காரர் ஒப்பந்தத்தில் நாய் கூடாது என்று போட்டால் அது வேறு. இரண்டையும் கேள். டைகர் எவ்வளவு பெரியவன், வயது என்ன, இரவில் குரைப்பானா, எல்லாம் சொல்லிவிடு. மறைத்துப் போனால் ஒரு மாதத்தில் நோட்டீஸ் வரும், அப்புறம் அவனை எங்கே விடுவாய்?

அம்மா: விடுகிற பேச்சே வேண்டாம் அண்ணா

குமரன்: நானே ஓட்டி வருகிறேன் தேவி. டைகர் பின்னால், மேல்மூடி போட்டுவிடலாம். 1,600 கி.மீ. இருக்கும், கோல்ஸ்பர்கில் ஒரு ராத்திரி தங்கலாம்.

தேவி: நிஜமாகவா அண்ணா? நன்றி!

சாந்தி அத்தை: கடற்கரைக்கும் கூட்டிப் போ மா, அவனுக்குத் தண்ணீர் பிடிக்கும்

மணி மாமா: ஜாக்கிரதை. 2024-இல் அங்கே சீல்களுக்கு, அதாவது கடல்நாய்களுக்கு, வெறிநோய் இருப்பது உறுதியானது. கரையில் சீல் படுத்திருந்தால் கிட்டே விடாதே. வெறிநோய் ஊசி நம் நாட்டில் சட்டப்படியே கட்டாயம். டைகருக்குக் கடைசியாக எப்போது போட்டது?

தேவி: தாத்தா போட்டார். சீட்டைத்தான் காணவில்லை. டிராயர் முழுக்கத் தேடினேன்.

ராணி பெரியம்மா: என்னிடம் இருக்கிறது.

ராணி பெரியம்மா: அப்பா கையெழுத்தில் தேதி எழுதியிருந்தது. எடுத்து வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை வந்து வாங்கிக்கொள். அவனையும் கூட்டி வா, எலும்பு வாங்கி வைக்கிறேன்.

அம்மா: அக்கா...

மணி மாமா: வேக வைத்த எலும்பு கொடுக்காதே அக்கா, உடைந்து குடலில் குத்தும்

ராணி பெரியம்மா: எனக்குத் தெரியாதா

தேவி: சரி பெரியம்மா, வருகிறேன். டிரஸ்டிகளுக்கு இப்போதே மெயில் போடுகிறேன். வியாழன் மாலைக்குள் பதில் வந்தால் ரோண்டபோஷ். வராவிட்டால் ரைலண்ட்ஸ், காமனுக்குக் காரில் போய் நடக்கலாம்.

ராணி பெரியம்மா: ரைலண்ட்ஸ் வீட்டுக்கு யார்டு இருக்கிறதா?

தேவி: இருக்கிறது, சுவரோடு

ராணி பெரியம்மா: அப்புறம் என்ன

மணி மாமா: யார்டு இருந்தாலும் நடக்க வேண்டும் அக்கா. யார்டில் நாய் வாசலைத்தான் பார்த்துக்கொண்டு நிற்கும்.

சாந்தி அத்தை: இசிப்பிங்கோவுக்கு யார் வண்டி என்று யாரும் சொல்லவில்லை