புதுப்பிப்பு: செனாப் பாலத்தில் கிரேனா, தள்ளுவதா?

எஃகுப் பாலத்துக்குத் தரையில் நிற்கும் கிரேன்தான் மலிவு என்று முன்பு எழுதியதற்கு, ஆழமான பள்ளத்தாக்கில் என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். சரி, ஜம்மு காஷ்மீரில் செனாப் ஆற்றைக் கடக்கும் ரயில் வளைவுப் பாலத்தையே பார்ப்போம். ஆற்றிலிருந்து 359 மீட்டர் உயரம். தரைக் கிரேன் எட்டவே எட்டாது. 467 மீட்டர் வளைவை இரு கரையிலிருந்தும் துண்டு துண்டாக நீட்டி, தாங்கு வடங்களால் இழுத்துப் பிடித்து, 2021 ஏப்ரலில் நடுவில் சேர்த்தார்கள். வளைவுக்குக் கொண்டுசேர்க்கும் அணுகுபாலத்தின் தளத்தையோ கரையில் கோத்து, தூண்கள்மேல் தள்ளினார்கள். தள்ளும்போது முனை அந்தரத்தில் தொங்கும் அல்லவா, அதற்காகவே முன்னால் மூக்குபோல் நீளும் எடை குறைந்த எஃகுச் சட்டம் ஒன்றைப் பொருத்துவது வழக்கம். தூண்கள் உயரமாக இருந்தால் என் தேர்வு தள்ளுவதுதான். ஆனால் தளத்தின் ஏறக்குறைய ஒவ்வொரு பகுதியும் ஒருமுறையாவது தூண்மேல் உட்கார்ந்து நகரும். அதற்கான கூடுதல் எஃகையும் விலையில் சேருங்கள்.